ஆறாம் நம்பர் ரவை

இன்ஸ்பெக்டர் அந்த ஈயக் குண்டை, டீ கிளாஸ் வைக்கும் எவர்சில்வர் தட்டில் போட்டார். தட்டு லேசாகச் சிணுங்கியது. குண்டு உருளவில்லை. எலும்பில் மோதி ஒரு பக்கம் தட்டையாகி இருந்தது.

கொண்டைக்கடலை அளவு இருக்கும். ஆஸ்பத்திரியில் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அதன் மடிப்பில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பாருங்க டீச்சர். ஒங்க தோட்டாவுல உள்ளதுதான இது?" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே, ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஏற்கெனவே சொல்லித்தான் உள்ளே அனுப்பியிருந்தாள்.

அப்பா இறந்ததைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, வீட்டில் இருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை ஒரே வரியில் கடந்து போய்விட்டேன். அது எப்படிப் பெண்பிள்ளை கைக்கு வந்தது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ வீரக்கதை வரப்போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

பேர் மட்டும் போதும்

எங்கள் ஊர் எழுமலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அப்பா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். அவர் அந்தத் துப்பாக்கியைச் சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம்.

அப்பாவுக்குப் பிறகு அது தம்பி ராசுவுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஊரில் யாரும் வேறு மாதிரி யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷம் திருவிழாத் தகராறில் அவன் ஒருத்தன் மண்டையை உடைத்து, கேஸ் நடந்துகொண்டிருந்தது. அவன் பேருக்கு லைசென்ஸ் தர முடியாது என்று போலீஸில் எழுதிவிட்டார்கள்.

மீதி இருந்தது நான் ஒருத்திதான். மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடம் அதிகம் கொடுக்கிறேன் என்பதைத் தவிர என் மேல் எந்தப் புகாரும் கிடையாது.

துப்பாக்கி வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது, ஒன் பேரில் இருக்கட்டும் என்று அம்மாதான் மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவள் சொன்னது பேரை மட்டும். நான் துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் விதிகள் போட்டிருந்தன. உடையவர்தான் வைத்திருக்க வேண்டும், உடையவர்தான் சுட வேண்டும். நான் விதியைப் படித்துவிட்டால் அதன்படி நடக்கிற ஜாதி. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் என் கணவருக்கு இது ஒரு குறைதான். பீரோவுக்குள் துப்பாக்கி வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பீரோவில் சட்டை வைப்பதை நிறுத்திவிட்டார்.

ராசு முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

நாயனமாம்மா?

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கோழித் தீவனத்துக்கு நல்ல கிராக்கி. எங்கள் வயலிலும் ராசு அதைத்தான் போட்டான்.

கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காக்காய் இறங்கும். நுனித் தோகையைக் கிழித்து நாலு கொத்து கொத்திவிட்டு அடுத்த கதிருக்குப் போய்விடும். தின்பது கொஞ்சம், கெடுப்பது மிச்சம். கிழிந்த கதிருக்குள் மழைத்தண்ணி இறங்கினால் பூசணம் பிடித்துவிடும்.

டப்பா தட்டினார்கள், பொம்மை நட்டார்கள், பழைய கேசட் நாடாவை வயலைச் சுற்றிக் கட்டினார்கள். பொம்மையின் தலையில் காக்காய் உட்கார்ந்து இறகு கோதியது.

அதனால் கதிர்க் காலத்தில் சனிக்கிழமை தோறும் நான் துப்பாக்கியோடு ஊருக்குப் போனேன். குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி ஒரு நீளத் துணிப்பையில் போட்டுக்கொள்வேன். உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "நாயனமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கச்சேரிக்குப் போகிறவளாகவே நடத்தினார். நல்ல மரியாதை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். காக்காய்க்குத் தேர்தல் கிடையாது. அந்த மாதிரி ஒரு வருஷம் பாதி வயல் போனது. அதற்கும் அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அமாவாசையன்று மட்டும் நான் சுடுவதில்லை. அம்மா அன்றைக்கு மாடியில் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிடுவாள். அப்பாவும் அவளுடைய மாமனாரும் வந்து சாப்பிட்டுவிட்டு, அப்படியே பறந்துபோய் எங்கள் வயலில் இறங்குவார்கள்.

கண்மாயில் கட்டிய பேப்பர்

எந்தத் தோட்டா போடுவது என்று எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டாக்கள் நமுத்துப் போயிருந்தன. மதுரையில் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சௌராஷ்ட்ரக்காரர், பக்கத்தில் அவர் மகன். காக்காய்க்கு என்றதும் இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது நான் மூன்று வருஷம் ஒரு சௌராஷ்ட்ர வீட்டு மாடியில் குடியிருந்தவள். விற்காமல் கிடக்கிற நாலாம் நம்பரைத் தலையில் கட்டிவிடலாம் என்று மகன் சொன்னது புரிந்தது. வேண்டாம், பொம்பளை திரும்பி வந்து சண்டை போடும் என்று கடைக்காரர் சொன்னதும் புரிந்தது. நாலு, ஆறு, எட்டு என்று மூன்றிலும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈய மணிகளை ரவை என்பார்கள். நம்பர் ஏற ஏற ரவை சிறுக்கும். எட்டாம் நம்பர் கடுகு மாதிரி. ஆறாம் நம்பர் கம்பு மாதிரி. நாலு அதைவிடக் கொஞ்சம் பருமன். நம்பர் இல்லாமல் எஸ்.ஜி. என்று ஒன்று உண்டு. அது கொண்டைக்கடலை. ஒரு தோட்டாவுக்குள் ஒன்பது உருண்டைதான் இருக்கும். காட்டுப்பன்றிக்கு உள்ளது.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இரண்டு கம்பு நட்டு, நடுவில் செய்தித்தாளை விரித்துக் கட்டினேன். பேப்பரின் நடுவில் காக்காய் உடம்பு அளவுக்குப் பேனாவால் ஒரு வட்டம். காக்காய் பார்க்கப் பெரிதாகத் தெரியும். இறகை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஒரு மாங்காய் அளவுதான். அதில் நாலைந்து ரவையாவது பட வேண்டும்.

முப்பது தப்படியிலிருந்து சுட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். நாற்பதிலிருந்து சுட்டுவிட்டுப் பார்ப்பேன். எட்டாம் நம்பரில் பேப்பர் முழுக்கப் பொத்தல், ஆனால் தூரம் போனால் அடியில் வலு இல்லை. காக்காய் இறகு கொட்டப் பறந்துபோய் எங்கோ இரண்டு நாள் கிடந்து சாகும். நாலில் வலு இருந்தது, ஆனால் ரவை குறைவு. இடைவெளியில் காக்காய் தப்பிவிடும். ஆறுதான் சரியாக வந்தது.

குழலிலும் விஷயம் இருக்கிறது. குழல் வாயைக் கடைசியில் கொஞ்சம் இறுக்கி விட்டிருப்பார்கள். அதைச் சோக் என்பார்கள். ரப்பர் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகிறதே, அந்த மாதிரி. எங்கள் துப்பாக்கியில் வலது குழலுக்கு இறுக்கம் இல்லை என்றே சொல்லலாம். கிட்டத்தில் வருகிற காக்காய்க்கு நன்றாக விரிந்து விழும். இடது குழல் முழு இறுக்கம். கிட்டத்தில் சுட்டால் அத்தனை ரவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போய்விடும். பட்டால் காக்காய் கந்தல், படாவிட்டால் காற்று. அது விலகித் தூரமாய்ப் போகிறதற்கு.

ஆக வலதிலும் ஆறு, இடதிலும் ஆறு. முதல் வெடி வலது, இரண்டாவது இடது. வானத்தைப் பார்த்துத்தான் சுடுவேன். வயலில் கிடைமட்டமாக ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆறாம் நம்பர் ரவை கொஞ்ச தூரத்தில் வேகம் செத்து, புடைக்கும்போது தெறிக்கிற தானியம் மாதிரி உதிர்ந்துவிடும். வயலுக்கு அந்தப் பக்கம் ஆள் நடக்கிற பாதை இருந்தது.

ஆள் தெரிந்த காக்காய்

முதல் வருஷம் நன்றாகப் போனது. செத்த காக்காயை ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டால் கூட்டம் கூடி ஒரு பாடு கத்திவிட்டுப் போய்விடும். ஒரு வாரத்துக்கு வயல் பக்கம் எட்டிப் பார்க்காது.

அடுத்த வருஷம் காக்காய்க்கு என்னைத் தெரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி நான் வரப்பில் கால் வைக்கும்போதே எழும்பி, எட்டாத தூரத்துக் கருவேல மரங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். சேலைக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஏமாறவில்லை. ராசு நடந்து போனால் ஒன்றுகூட அசையாது.

அதை அவன் ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டான். ஊருக்குள்ளும் பேச்சு இருந்தது. அக்காக்காரி சுடுகிறாள், தம்பி செத்த காக்காய் பொறுக்குகிறான் என்று டீக்கடையில் சொல்வார்களாம்.

"ஒன் கம்பு மணியெல்லாம் காக்காய்க்குக் கூசுதுக்கா. பெரிசாப் போட்டு அங்கிட்டு இருக்குற மரத்துலயே அடிக்கணும்" என்றான் ஒரு நாள்.

பெரிய ரவைக்கு எண்ணிக்கை குறைவு, காக்காய் மேல் படாது, ஆனால் வெகுதூரம் போகும் என்று பேப்பரைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்லியிருப்பேன் போல. எழுந்து போய்விட்டான்.

இடது குழல்

அந்தச் சனிக்கிழமை எழுமலையில் ஒரு காதுகுத்து. துப்பாக்கியை அப்பாவின் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது எனக்குத் தெரியாது.

ராசு கேட்டான், அம்மா கொடுத்தாள். அவ்வளவுதான்.

பன்றிக்கென்று கூட்டாளி ஒருவன் வைத்திருந்த எஸ்.ஜி. தோட்டாவை வாங்கி இடது குழலில் போட்டிருக்கிறான். பம்ப்செட் சுவரில் துப்பாக்கியைச் சாய்த்து, வேலிக் கருவையில் தாழ உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கிடைமட்டமாகச் சுட்டிருக்கிறான். ஒரு காக்காயும் சாகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மா எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதில் ஒன்று அவளுடைய இடது முழங்கை மூட்டில் போய் நின்றது.

பாண்டியம்மா எங்கள் வயலுக்குக் களையெடுக்க வருகிறவள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அதற்கப்புறம் அவளை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், நான் வேலைக்குப் போன பிறகு டீச்சர் என்று மாறிக்கொண்டாள். நானும் மாற்றச் சொல்லவில்லை.

காதுகுத்து வீட்டில் கறிச்சோற்றுக்கு இலை போட்ட நேரம் ஆள் வந்து சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறுத்த புல் கட்டாமல் கிடந்தது. அம்மா பீரோவைப் பழையபடி பூட்டி வைத்திருந்தாள்.

வேப்பமரத்தடி

ஸ்டேஷனுக்கு வெளியே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டுப் பேசுகிற பழக்கம் இல்லாதவள்.

"லைசென்சு ஒம்பேர்ல இருக்கு. குறி தவறிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவனுக்கு ஏற்கனவே கேசு இருக்கு, எந்திரிக்கவே விடமாட்டானுக. தை பொறந்தா கல்யாணம்டி."

நான் காதுகுத்து வீட்டில் இருந்ததை நூறு பேர் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அந்த நூறு பேரையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. பாண்டியம்மாவைப் பற்றியும் கேட்கவில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டரும் நல்லவிதமாகத்தான் பேசினார். லைசென்ஸ் உள்ளவர் பயிரைக் காக்கச் சுட்டதில் நடந்த விபத்து என்றால் ஒரு மாதிரி முடிந்துவிடும் என்று எனக்கு வழி காட்டினார். எல்லோருக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

நான் தட்டில் கிடந்த குண்டைப் பார்த்தேன். அதை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

"இது என் தோட்டா இல்லை சார். வயல்ல நான் ஆறாம் நம்பர் தவிர எதையும் போட்டதில்லை. இது எஸ்.ஜி."

"அப்ப யாரு சுட்டா?"

"என் தம்பி."

ரவையின் அளவு, இடது குழலின் இறுக்கம், ஆறாம் நம்பராக இருந்திருந்தால் அந்தத் தூரத்தில் சேலையில் தட்டி உதிர்ந்திருக்கும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தம்பியின் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். மற்ற எதையும் எழுதவில்லை.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கே.கே. நகர் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஒத்தப் பிள்ளைதான் என்று சொல்வாளாம்.

கோர்ட்டில்

ராசு கொஞ்ச காலம் உள்ளே இருந்தான். பேசி வைத்த கல்யாணம் நின்றது. துப்பாக்கியைக் கைப்பற்றிக் கொண்டு போனார்கள், லைசென்ஸும் ரத்தானது. பள்ளியில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். பிள்ளைகள் கரும்பலகையில் காக்காய் படம் வரைந்து வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். பாண்டியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலியில் பேச முடியவில்லை என்று அவள் மகள் சொன்னாள்.

சில வருஷம் கழித்துக் கேஸ் விசாரணைக்கு வந்தது. நான் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். எனக்கு அடுத்துப் பாண்டியம்மா ஏறினாள். முதுகைக் காட்டிக்கொண்டு புல் அறுத்தேன், யார் சுட்டது என்று தெரியாது என்றாள். ராசு சுட்டதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றாள். டீச்சர் சுடவில்லை என்பது தெரியுமா என்று ராசுவின் வக்கீல் கேட்டார். அதுவும் தெரியாது என்றாள்.

ராசுவை விட்டுவிட்டார்கள். வெளியே மாலையோடு நின்றவர்களில் அம்மாவும் இருந்தாள்.

அம்மா இறந்த செய்தி எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் வந்தது. நான் போனபோது தேர் கட்டி முடித்துவிட்டார்கள். மகள் செய்ய வேண்டியதைச் சித்தி மகளைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னான் ராசு. நான் தெருப் பெண்களோடு நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கொய்யாத் தட்டு

அதற்கும் பிறகு ஒரு நாள். திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கொய்யாப்பழத் தட்டோடு ஒருத்தி பஸ் ஜன்னல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். இடது கை மடங்கின நிலையிலேயே நின்றுவிட்டிருந்தது. நீட்டவும் முடியாது, மேலும் மடக்கவும் முடியாது. தட்டு அந்தக் கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து, நல்லா இருக்கீகளா டீச்சர் என்று கேட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதைச் சொன்னாள். நான் பழம் கேட்டேன்.

எடுத்துக்கொண்டிருந்தவளிடம், கோர்ட்டில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் பழங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்லதாகப் பொறுக்கினாள்.

"நீங்க உண்மையச் சொல்லிட்டு மதுரைக்கு பஸ் ஏறிட்டீக. நா அந்தூர்லதான கெடந்தேன். ஒங்க தம்பிய உள்ள வச்ச பெறகு ஒரு வீட்டுலயும் களைக்குக் கூப்பிடல. கடையில சாமான் குடுக்கல. வெளிய வந்து அவருதான் ஆள் விட்டாரு. இங்கன நிக்க எடம் பிடிச்சுக் குடுத்தாரு. யாரும் வெரட்டாமப் பாத்துக்கிறாரு."

ராசு அப்போது திருமங்கலத்தில் மனை வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். நாலு பேரைத் தெரிந்த ஆளாகிவிட்டான்.

"அவரு நல்லா இருக்கட்டும். நீங்க என்ன செஞ்சீக டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. பழத்துக்கு விலை சொல்கிற குரலில்தான் கேட்டாள்.

குண்டு பட்ட அந்த வருஷமே எங்கள் பள்ளியில் அவளுக்கு ஆயா வேலை கேட்டிருந்தேன், கை சரியில்லாதவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அதை ஊருக்கு வந்து அவளிடம் சொல்ல எனக்கு முகம் இல்லாமல் போனது. இப்போதாவது சொல்லலாமா என்று நினைத்தேன்.

"உப்பு மொளகாப்பொடி போடவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். ராஜபாளையம் பஸ் உள்ளே திரும்பியது. அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன் ஜன்னல்களைப் பார்த்து வேகமாக நடந்தாள்.